சாக்குக்காரர் கூப்பிட்டார்

அத்தியாயம் பதினொன்று

போன வாரம் சந்தனமாரியை அவள் ஜெயித்த இடத்தில் விட்டு வந்தோம். தம்பி பிறந்த நாளிலிருந்து அவனை இடுப்பில் சுமந்துகொண்டு வீட்டோடு கிடந்த பெரிய மகள் பாக்கியலக்ஷ்மி, பள்ளிக்கூடம் திறக்கிற அன்றைக்கு மறுபடியும் வகுப்பில் போய் உட்காருவாள். இதைப் புருஷன் சங்கிலிப்பாண்டி வாயாலேயே சொல்ல வைத்துவிட்டாள். அதற்காக அவள் கிடந்த பட்டினியும் வாங்கிய அடியும் உங்களுக்குத் தெரியும்.

சொன்ன கையோடு அவன் ஒன்று கேட்டான்.

"அப்ப சின்னவனை யாரு பாக்குறது?"

"நான் வேலை பாக்குற கிட்டங்கிக்குக் கூட்டிட்டுப் போறேன்."

"போ. ஆனா அவனுக்கு ஒரு கீறல் விழுந்துச்சுன்னு வையி, அன்னைக்கோட இவ பள்ளிக்கூடம் முடிஞ்சுது. பிறகு என்கிட்ட நீலிக்கண்ணீர் வடிக்கப்படாது."

அந்தப் பேச்சு தலைமேல் தொங்கிக்கொண்டிருக்கத்தான் திங்கட்கிழமை விடிந்தது.

மட்டாஞ்சேரியில் மழை பிடித்துக்கொண்டிருந்தது. சந்து முழுக்கக் கணுக்கால் தண்ணீர். பாக்கியம் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பைக்கட்டை நெஞ்சோடு அணைத்தபடி வாசலில் நின்றாள். பதினோரு வயதில் நாலாம் வகுப்பு. தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு உட்காரப்போகிற வெட்கம் முகத்தில் இருந்தது. ஆனாலும் அவள் காலையில் எழுந்ததிலிருந்து சிரித்துக்கொண்டேதான் இருந்தாள்.

"அக்கா, நானும்!" என்று அப்பு அவள் பாவாடையைப் பிடித்தான். நாலு வயது. அம்மாவைவிட அக்காவைத்தான் அவனுக்கு அதிகம் தெரியும்.

"சாயங்காலம் வந்துருவேன்டா தங்கம். அம்மா கூடச் சமர்த்தா இரு."

அவள் தெருமுனை திரும்பியதும் அப்பு தரையில் விழுந்து புரண்டான். கஞ்சியைத் தட்டிவிட்டான். கிட்டங்கிக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. சந்தனமாரி வழக்கமான மருந்தை எடுத்தாள்.

"அந்தா பாரு, சாக்குக்காரர் வாராரு!"

அழுகை கத்தரித்தது போல நின்றது. அப்பு வாயைத் திறந்தான். கஞ்சி இறங்கியது. கண் மட்டும் வாசலிலேயே இருந்தது.

சாக்குக்காரர் என்பது பஷீர் பாய். கடைத்தெருவின் கிட்டங்கிகளுக்கெல்லாம் கிழிந்த சாக்கு தைத்துக் கொடுக்கிறவர். நல்ல உயரம், தோளில் எப்போதும் ஒரு சாக்குக் கட்டு, தொப்பி ஓரத்தில் செருகிய கோணி ஊசி, ஒரு தெருவுக்கு முன்னாலேயே கேட்டுவிடுகிற வெண்கலக் குரல். அந்தச் சந்தில் தமிழ் பேசுகிற பிள்ளைகள் அத்தனை பேருக்கும் பூச்சாண்டி அவர்தான். சாப்பிடாத பிள்ளையைச் சாக்கில் போட்டுத் தைத்துக் கப்பலில் ஏற்றிவிடுவார். தூங்காத பிள்ளையையும், பொய் சொன்ன பிள்ளையையும், தெருவுக்கு ஓடின பிள்ளையையும் அப்படியே.

பாய்க்கு இது தெரியும். கோபப்பட்டதில்லை. "என் பேரைச் சொன்னாத்தான் இந்தச் சந்துல ஒவ்வொரு வீட்டுலயும் சோறு இறங்குது. அதுல எனக்கு ஒரு உருண்டை தரப்படாதா தங்கச்சி?" என்று சிரிப்பார்.

ஒருநாள் அப்பு எதற்கும் மசியாமல் நின்றபோது சந்தனமாரியேதான் அவரைக் கூப்பிட்டாள்.

"பாய், ஒரே ஒரு தடவை சாக்கை விரிச்சுக் காட்டிட்டுப் போங்க."

"வேணாம் தங்கச்சி, பச்சைப் பிள்ளை."

"சும்மா காட்டுங்க பாய். நீங்க நிசமாவா கொண்டுபோகப் போறீங்க?"

அவர் அரைமனதாக விரித்தார். "ஆருடா அது, சோறு திங்காதவன்?" என்று குரலையும் கொடுத்தார். அப்பு நின்ற இடத்திலேயே ஒன்றுக்குப் போய்விட்டான். அன்றைக்கு எல்லோரும் சிரித்தார்கள். அதற்கப்புறம் அவனுக்குச் சோறூட்டுவது சுலபமாகிவிட்டது.

கிட்டங்கி காயலை ஒட்டிய பழைய சரக்குக் கட்டடம். முன்கட்டில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து சுக்கு பொறுக்குவார்கள். நடு அறையில் மிளகு மூட்டைகள் உத்தரம் முட்ட அடுக்கியிருக்கும். அதைச் சுற்றிப் போகிற நடையின் கோடியில் பின்வாசல்; திறந்தால் தண்ணீர், வள்ளங்கள்.

முதலாளி கண்ணில் பிள்ளைகள் படக்கூடாது. அதனால் சந்தனமாரி அப்புவைத் தூணுக்குப் பின்னால் ஓலைப்பாயில் உட்கார வைத்தாள். "இந்தப் பாயை விட்டு இறங்கினே, சாக்குக்காரர் வந்துருவாரு. இங்கதான் சுத்துவாரு. தெரியுதா?"

அப்பு கால் இரண்டையும் பாய்க்குள் இழுத்துக்கொண்டான்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாயம்மாள் எட்டிப் பார்த்தாள். "ஏட்டி சந்தனம், இவன் உக்காந்திருக்கிற தோரணையைப் பாத்தா சூப்பர்வைசர் வேலையை இவனுக்கே குடுத்துரலாம் போலயே. அந்த ஆளு இப்படி ஒரு இடத்துல உக்காந்து நான் பாத்ததில்லை."

"மெல்லப் பேசுங்க மதினி, காதுல விழுந்துரப்போவுது."

"விழட்டும். விழுந்தா அவரு உக்காந்துதான யோசிக்கணும்?"

பெண்கள் சிரித்தார்கள். சந்தனமாரியும் சிரித்தாள். அவள் மனசு பள்ளிக்கூடத்தில் இருந்தது. இந்நேரம் மணி அடித்திருப்பார்கள், பேர் கூப்பிட்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டே சுக்கைப் பொறுக்கினாள்.

அன்று நடு அறைக்குப் பூச்சி மருந்து வைக்கிற நாள். வருஷா வருஷம் மழை தொடங்கினதும் நடப்பதுதான். எர்ணாகுளத்திலிருந்து மருந்துக்காரர் வருவார். மூட்டை அடுக்கின் மேல் பெரிய தார்ப்பாயை இழுத்துப் போர்த்தி, அதற்கடியில் மாத்திரைகளை வைத்து, ஓரங்களை மணல் பையால் அழுத்தி, வெளியே வந்து கதவைப் பூட்டி, இடுக்கிலெல்லாம் பசை தடவிக் காகிதம் ஒட்டுவார்கள். ஈரக்காற்று பட்டதும் மாத்திரை மெல்லப் புகைய ஆரம்பிக்கும். கண்ணுக்குத் தெரியாத புகை. உள்ளே வண்டும் பிழைக்காது, எலியும் பிழைக்காது. நாலு நாளைக்குக் கதவைத் திறக்க மாட்டார்கள்.

பூட்டுவதற்கு முன்னால் ஒரு முறை உண்டு. வாசலில் நின்று "உள்ளே ஆளுண்டோ?" என்று மூன்று தரம் சத்தம் போட வேண்டும். எப்போதோ சுமைக்காரர் ஒருவர் உள்ளே படுத்துத் தூங்கிவிட்டதிலிருந்து வந்த வழக்கம். அதற்கு நல்ல தொண்டை வேண்டும்.

தார்ப்பாயில் ஒரு கிழிசல் இருந்தது. அதைத் தைக்கப் பஷீர் பாயை வரச்சொல்லியிருந்தார்கள். தைத்து முடித்ததும் சூப்பர்வைசர் வெங்கிடேஸ்வரன் சொன்னார்: "பாய், சத்தத்தையும் நீங்களே போட்டுருங்கோ. உங்க தொண்டைக்கு அடுக்குக்குப் பின்னால தூங்கற எலிகூட எழுந்துக்கும்."

பாய் கூப்பிட்டார். மூன்று தரம். முன்கட்டில் சுக்கு பொறுக்கிக்கொண்டிருந்த சந்தனமாரிக்கும் அது கேட்டது. உள்ளேயிருந்து பதில் இல்லை. கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அவள் தலைநிமிரவில்லை.

சாயாவுக்கு எழுந்தபோதுதான் தூணுக்குப் பின்னால் பார்த்தாள். ஓலைப்பாய் இருந்தது. பிள்ளை இல்லை.

"அப்பு?"

முதலில் மெதுவாகத்தான் கூப்பிட்டாள். சூப்பர்வைசர் காதில் விழக்கூடாதே என்ற பயம். முன்கட்டைச் சுற்றினாள், கக்கூசைப் பார்த்தாள், தெருவுக்கு ஓடினாள். பிறகு பயமெல்லாம் போய் அலறினாள்.

எல்லோருக்கும் முதலில் தோன்றியது தண்ணீர்தான். பின்வாசல் திறந்து கிடந்தது. வள்ளக்காரர்கள் மூங்கில் கழியால் கரையோரச் சேற்றைக் குத்திப் பார்த்தார்கள். கழி ஒவ்வொரு தடவை எதிலாவது தட்டும்போதும் சந்தனமாரி மாயம்மாளின் தோளைக் கடித்தாள். மழை விடவில்லை.

பஷீர் பாய் இடுப்பளவு தண்ணீரில் இறங்கித் துழாவிக்கொண்டிருந்தார். கரையேறி, தொப்பியைப் பிழிந்தபடி வந்தார்.

"இங்க இல்லை தங்கச்சி. சத்தியமா இல்லை. பயப்படாதே, தெருப்பக்கம் போயிருப்பான்."

அவர் முகத்தைப் பார்த்ததும் அவளுக்கு ஒன்று உறைத்தது.

"பாய், நீங்க காலையில எந்த வழியா உள்ளே வந்தீங்க?"

"முன்கட்டு வழியாத்தான். உங்க எல்லாரையும் தாண்டித்தானே போனேன். நீ குனிஞ்சிருந்தே."

"தோள்ல கட்டு இருந்துச்சா?"

"அது இல்லாம நான் எங்க போவேன்?"

தூணுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த பிள்ளைக்கு நேர் எதிரே அவர் வந்திருக்கிறார். அவனுக்குப் பின்னால் திறந்து கிடந்தது நடு அறைக் கதவு ஒன்றுதான்.

"பூட்டுறதுக்கு முந்தி... நீங்கதான கூப்பிட்டீங்க?"

"நான்தான். மூணு தடவை. ஒரு அனக்கமும் இல்லை."

வேறு யார் கூப்பிட்டிருந்தாலும் அவன் அழுதுகொண்டு வெளியே வந்திருப்பான். இதை அவள் சொல்லவேண்டி இருக்கவில்லை. பாயின் கையிலிருந்து தொப்பி நழுவி விழுந்தது.

கதவுக்கு முன்னால் வெங்கிடேஸ்வரன் கையை விரித்துக்கொண்டு நின்றார். "இதைத் திறக்கப்படாது! விஷம்! மருந்துக்காரர் எர்ணாகுளம் போயிட்டார். முதலாளிக்கு ஒரு வார்த்தை சொல்லாம..."

"என் பிள்ளை உள்ளே இருக்கான்."

"இருக்கான்னு யார் பார்த்தா? இல்லைன்னா, உள்ளே போன நீயும் செத்துப்போவே, நான் ஜெயிலுக்குப் போவேன்!"

பாய் அவரை ஒரு கையால் ஒதுக்கினார். கொண்டியில் கடப்பாரையைக் கொடுத்து ஒரு நெம்பு நெம்பினார். ஒட்டிய காகிதம் கிழிந்தது. அழுகின மீனும் பூண்டும் கலந்தது போல ஒரு வாடை வெளியே வந்தது. நனைந்த துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு அவர் உள்ளே காலை வைத்தார்.

சந்தனமாரி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"நீங்க போகாதீங்க பாய்!"

"விடு தங்கச்சி, நேரமில்லை..."

"உங்களைக் கண்டா இன்னும் உள்ளே பூந்துக்குவான்!"

அவ்வளவு பெரிய மனிதர் வாசலிலேயே நின்றுவிட்டார். அவருடைய துண்டைப் பிடுங்கி முகத்தில் சுற்றிக்கொண்டு அவள் உள்ளே போனாள்.

உள்ளே இருட்டு. அடுக்குக்கும் சுவருக்கும் நடுவே ஒரு ஆள் பக்கவாட்டில் நுழையலாம். "அப்பு! அம்மாடா! வாடா கண்ணு!" பதில் இல்லை. கண் எரிந்தது. அவனுக்கு இந்தக் குரலும் நம்பத்தகுந்ததல்ல என்று அவளுக்கு அப்போது தெரிந்தது. சாக்குக்காரரிடம் கொடுத்துவிடுவேன், கொடுத்துவிடுவேன் என்று இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்த குரல் அது.

என்ன சொன்னால் வருவான்? அவள் வாய் தானாகவே சொல்லிற்று.

"அப்பு, சாக்குக்காரர் போயிட்டாருடா! போயே போயிட்டாரு!"

வாசலில் நின்ற பஷீர் பாய் அதைக் கேட்டுச் சுவரோடு சுவராக ஒதுங்கினார்.

அடுக்கின் கோடி மூலையில், தரையோடு, ஒரு இருமல் கேட்டது.

அரசு ஆஸ்பத்திரியில் பிள்ளைகள் வார்டு. அப்பு வழியெல்லாம் ஆட்டோவில் வாந்தி எடுத்தபடி வந்திருந்தான். உதடு நீலமாக இருந்தது. டாக்டரம்மா பூச்சி மருந்தின் பேரைக் கேட்டதும் அவன் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தார்.

"இந்த விஷத்துக்கு மாத்து மருந்து கிடையாதும்மா. ஆக்சிஜன் குடுப்போம், நெஞ்சைக் கவனிப்போம். நாளைக் காலை வரைக்கும் என்னால ஒண்ணும் உறுதி சொல்ல முடியாது."

சிலிண்டரிலிருந்து குழாய் வந்தது. அதன் நுனியில் ரப்பர் மூடி. அதை முகத்தருகே கொண்டுபோனதும் அப்பு அலறினான். மூச்சே விட முடியாத பிள்ளைக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ. இரண்டு கையாலும் பிய்த்து எறிந்தான். முகத்தை எது வந்து மூடினாலும் அவனுக்கு அது சாக்குதான்.

நர்ஸ் லீலாம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது. "எந்தா இது, இவனைக் கொஞ்சம் பயப்படுத்து சேச்சி! போலீஸ் வரும்னு சொல்லு. பயம் இல்லாம குட்டி கேக்குமோ?"

"வேண்டாம் சிஸ்டர்," என்றார் டாக்டரம்மா. "பயந்தா நெஞ்சு இன்னும் வேகமா அடிக்கும். அந்த நெஞ்சு இப்ப அதைத் தாங்காது. அம்மா, கேளுங்க. அவன் அழக்கூடாது. இது முகத்துல இருக்கவும் வேணும். பயங்காட்டாம எப்படிச் செய்வீங்களோ, அது உங்க கையிலதான் இருக்கு."

சந்தனமாரி விழித்தாள். பயங்காட்டாமல் ஒரு பிள்ளையை ஒரு காரியம் செய்ய வைப்பது எப்படி என்று அவளுக்குத் தெரியாது. யாரும் அவளை அப்படி வளர்க்கவில்லை.

வெளியே வராந்தாவில் சங்கிலிப்பாண்டியின் குரல் கேட்டது. கைவண்டியைக் கடைத்தெருவில் போட்டுவிட்டு ஓடி வந்திருந்தான். உள்ளே வந்து மகனைப் பார்த்தான். கண் கலங்கியது. கலங்கிய கண்ணோடுதான் பெண்டாட்டி பக்கம் திரும்பினான்.

"சொன்னேனா இல்லையா? பாக்கியம் வீட்டுல இருந்திருந்தா இது நடக்குமா? படிப்பு கேக்குதா உனக்கு, படிப்பு?"

"அவ மேல போடாதீங்க."

"பின்ன யாரு மேல போடச் சொல்ற? அந்தச் சாக்குக்காரன் மேலயா? வெளிய நிக்கான், அவனை..."

"அவரை ஒண்ணும் சொல்லாதீங்க. பூதம்னு சொல்லிக் காட்டினது நான். கப்பல்ல ஏத்திருவாருன்னு தினம் கூடச் சேர்ந்து சொன்னது நீங்க. அவரு கூப்பிட்டப்ப நம்ம பிள்ளை வாயைப் பொத்திக்கிட்டு உக்காந்திருந்திருக்கான். அப்படி இருக்கத்தான நாம பழக்கினோம்?"

அவன் அடிக்கக் கையை ஓங்கினான். "இவிடெ வேண்டா!" என்று லீலாம்மா அதட்டவும் கையை இறக்கிக்கொண்டு வெளியே போனான்.

சந்தனமாரி ரப்பர் மூடியைக் கையில் எடுத்தாள். அப்பு கட்டிலின் கோடிக்கு நகர்ந்தான்.

"இது சாக்கு இல்லடா."

அவன் தலையை ஆட்டினான். நம்பவில்லை.

"இங்க பாரு, அம்மா போட்டுக்கிறேன்." மூடியைத் தன் முகத்தில் வைத்துக்கொண்டாள். உடனே அவன் பாய்ந்து வந்து அதைப் பிடுங்கினான். "அம்மாவைப் பிடிக்காதே! அம்மாவைப் பிடிக்காதே!" என்று யாரையோ பார்த்துக் கத்தினான். கத்தி முடிப்பதற்குள் மூச்சு இழுத்துக்கொண்டது. டாக்டரம்மா ஓடி வந்து நாடியைப் பிடித்தார்.

அடங்கியபோது அவன் அவள் மடியில் கிடந்தான். விலா எலும்பு ஒவ்வொன்றும் உள்ளே போய் வெளியே வந்தது.

"அம்மா."

"என்னடா."

"அது வலிக்குமா?"

வலிக்காது என்ற சொல் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. ஊசி போடும்போதும் வலிக்காது என்றுதான் சொன்னாள். எங்கேயும் போகமாட்டேன் என்று தூங்க வைத்துவிட்டுத்தான் தினமும் வேலைக்கு நழுவினாள். அவன் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஊசி மாதிரி வலிக்காது. ஆனா மூஞ்சியை அமுக்கும். ரப்பர் நாத்தம் அடிக்கும். எனக்கே பிடிக்கலை."

அவன் யோசித்தான்.

"நெஞ்சு வலிக்குது."

"தெரியும்டா."

"நாளைக்குச் சரியாயிருமா?"

டாக்டரம்மா தலையைத் திருப்பிக்கொண்டார்.

"எனக்குத் தெரியலடா அப்பு," என்றாள் சந்தனமாரி. "அம்மாவுக்கு நிசமாவே தெரியல. இதை வச்சா மூச்சு லேசா வரும்னு இவங்க சொல்றாங்க. கட்டமாட்டேன். கையிலயே பிடிச்சுக்கிறேன். நீ தள்ளினா எடுத்துருவேன்."

அப்படி ஒரு பேச்சை அவன் அவளிடம் கேட்டதேயில்லை. வெகுநேரம் அவள் முகத்தில் எதையோ தேடினான். மூடியை ஒருதரம் தள்ளிப் பார்த்தான். அவள் உடனே எடுத்தாள். பிறகு அவள் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்து, தானே தன் முகத்துக்கு இழுத்துக்கொண்டான்.

ரப்பருக்குள் ஆவி படிந்தது. மறைந்தது. மறுபடி படிந்தது.

"அப்படியே இருங்க," என்றார் டாக்டரம்மா தாழ்ந்த குரலில். "கையை அசைக்காதீங்க. எவ்வளவு நேரமானாலும்."

வராந்தாவில் ஈரக்கால்கள் ஓடி வரும் சத்தம் கேட்டது. பாக்கியம். யாரோ பள்ளிக்கூடத்துக்கே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். "அப்பா, தம்பிக்கு என்ன? தம்பி எங்க?"

"உள்ள கிடக்கான். இனிமே நீதான் அவன் பக்கத்துல இருக்கணும். அந்தப் பையைக் குடு."

"எதுக்குப்பா?"

"குடுட்டி!"

ஒரு சின்ன இழுபறி. பிறகு பாக்கியம் அழாமல், அப்பாவிடம் இல்லாமல், கதவைப் பார்த்துக் கூப்பிட்டாள்:

"அம்மா!"

சந்தனமாரி எழப் பார்த்தாள். மூடி ஒரு நூல் நகர்ந்தது. அப்புவின் விரல்கள் அவள் மணிக்கட்டில் இறுகின.

அவள் கையை அசைக்கவில்லை.

"அம்மா!" என்றது வெளியே குரல், மறுபடியும்.